குகை, அடைக்கலம், பாதை

கணவனால் கொலை செய்யப்பட்ட ஒரு பெண்ணின் கதையைக் கேட்டதும் நம் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி எது? பெரும்பாலும் "எப்படி மாட்டிக்கொண்டாள்?" என்பதுதான். எங்கே போனாள், யாரிடம் சொன்னாள், எந்த இடத்தில் கவனம் பிசகினாள் என்று அவள் போன வழியைத்தான் துருவுகிறோம். துரத்தியவன் ஏன் துரத்தினான் என்பது கேள்வியாகவே எழுவதில்லை. நனைந்து வந்தவளிடம் மழை ஏன் பெய்தது என்று யார் கேட்பார்கள்? குடை ஏன் எடுத்துப் போகவில்லை என்றுதானே கேட்போம். ஆணின் வன்முறையையும் மழையின் கணக்கில் எழுதிவிட்டோம். அது வரும், ஒதுங்கிக்கொள்ள வேண்டியது அவள் பொறுப்பு.

இந்தக் கேள்வியின் பின்னால் இருக்கும் அறம் எப்படிப்பட்டது என்பதை நான் யோசிக்கத் தொடங்கியது ஓர் எரிமலைக் கடற்கரையில். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மௌயியின் கிழக்கு ஓரத்தில், ஹானா என்ற சிற்றூரை ஒட்டி, 122 ஏக்கர் பரப்பில் இருக்கிறது வையானபனபா மாநிலப் பூங்கா. பெயருக்கு 'மின்னும் நன்னீர்' என்று பொருள் சொல்கிறார்கள். அங்கே போக ஒரே ஒரு மலைச்சாலையைத்தான் எல்லாரும் பிடிக்கிறார்கள். 600க்கும் மேற்பட்ட வளைவுகள், 59 பாலங்கள். பெரும்பாலான பாலங்களில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வருகிறவருக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கூட்டம் தாங்காமல் 2021 மார்ச் முதல் வெளியூர்க்காரர்கள் முன்பதிவு செய்துகொண்டுதான் பூங்காவுக்குள் நுழைய முடியும். நாங்கள் போனபோது ஆளுக்கு 5 டாலர், வண்டி நிறுத்த 10 டாலர். ஹவாயில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அது நியாயம்தான்.

என் கல்லூரித் தோழியும் அவளுடைய பதினாறு வயது மகளும் உடன் வந்திருந்தார்கள். மலைச்சாலை முழுக்கத் தூங்கிக்கொண்டு வந்த பெண், கடற்கரையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு. ஈரம் பட்ட இடம் அடுப்புக்கரியைப் போல் பளபளத்தது. அதன் மேல் நுரை விரிந்து விரிந்து மறைந்தது. மணல் என்று சொல்கிறார்களே தவிர, பாதி பொடிக்கல். அலை திரும்பும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலக்கும்.

இந்த மணல் எரிமலையின் பிள்ளை. ஹலேயாகலா எரிமலையிலிருந்து வழிந்த குழம்பு ஒரு காலத்தில் கடலைத் தொட்டு இறுகியது. கொதிக்கும் குழம்பு குளிர்ந்த நீரில் விழும்போது வெடித்துச் சிதறும். இறுகிய பாறையை அலை வேறு காலகாலமாக உடைத்து அரைக்கும். இப்படி உண்டாகும் கரைகளுக்கு ஆயுள் நிச்சயமில்லை. பக்கத்துப் பெருந்தீவில் கைமூ என்ற பெயர்பெற்ற கறுப்பு மணற்கரையை 1990இல் புதிய எரிமலைக் குழம்பு மொத்தமாக மூடிவிட்டது. அதே தீவில் 2018 வெடிப்பின்போது போஹோய்கியில் புதிதாக ஒரு கறுப்புக் கரை உருவானது.

குழம்பு இறுகிய நிலம் ஓட்டைகள் நிறைந்த நிலம். மேல்பரப்பு இறுகிய பிறகும் உள்ளே குழம்பு ஓடிக்கொண்டிருக்கும். அது வடிந்ததும் வெற்றுக் குழாய்கள் மிஞ்சும். அவற்றில் சில நிலத்தடி நீர் நிரம்பிக் குகைக்குளங்களாகும். ஒளிந்துகொள்வதற்கென்றே படைத்ததுபோல் தோன்றும் நிலம். ஓடுகிறவளின் பாதத்தைக் கிழிக்கும் நிலமும் அதுதான்.

*

கடற்கரையிலிருந்து சில நிமிட நடையில் அந்தக் குகைகள் வந்துவிடும். செடிகள் அடர்ந்த ஒரு சிறு பாதை இறங்கி வளைந்து மேலேறுகிறது. குகைவாயில் நீர் அசையாமல் கிடக்கிறது. அவ்வளவு தெளிவு, அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். இந்த நீரோடு சேர்ந்த கதையை எல்லா வழிகாட்டி நூல்களும் சொல்கின்றன. தோழி கைப்பேசியைப் பார்த்து எங்களுக்குப் படித்துச் சொன்னாள்.

போபோஅலாயா ஓர் இளவரசி. அவள் கணவன் காகேயா ஒரு தலைவன். கொடுமைக்காரன் என்றும் பொறாமைக்காரன் என்றும் வடிவத்துக்கு வடிவம் மாறும். அவனிடமிருந்து தப்பி, ஒரு தோழிப்பெண்ணோடு அவள் இந்தக் குகைக்கு வந்தாள். நீருக்கடியில் முங்கிப் போனால்தான் உள்ளறையை அடைய முடியும். அங்கே உட்கார ஒரு திட்டு இருக்கிறது. அரச குடும்பத்தவர் பக்கத்தில் 'காஹிலி' என்ற இறகுக் கம்பத்தை ஏந்தி நிற்பது ஹவாய் மரபு. நம் சாமரத்தை நினைவூட்டும் பொருள் அது. ஒளிந்திருந்த வேளையிலும் தோழிப்பெண் காஹிலியைக் கீழே வைக்கவில்லை. அதன் நிழல் நீரில் ஆடியதைக் கணவன் பார்த்துவிட்டான். உள்ளே புகுந்தான். கொன்றான். ஆண்டின் ஒரு பருவத்தில் குகைநீர் சிவப்பது அவள் ரத்தத்தால் என்கிறது கதை.

படித்து முடித்த தோழி உச்சுக்கொட்டினாள். "ஐயோ, அந்த இறகைக் கீழ வெச்சிருக்கக் கூடாதா!"

அவள் மகள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "பெரிம்மா, அவனை யாருமே தடுக்கலையா?"

நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. கதையிலும் பதில் இல்லை. எனக்குக் கிடைத்த வடிவங்களில் எல்லாம், நீர் சிவந்ததோடு கதை முடிந்துவிடுகிறது. காகேயா குகையை விட்டு வெளியே வந்திருப்பான்; ஊருக்குள் நடந்து போயிருப்பான். ஊர் அவனை எப்படிப் பார்த்தது, யார் அவனுக்குச் சோறு கொடுத்தார்கள் என்பதெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை.

*

நீர் சிவப்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. ஓபைஉலா என்ற சின்னஞ்சிறு சிவப்பு இறால் இந்தக் குகைக்குளங்களில் வாழ்கிறது. விரல் நகத்தளவுதான் இருக்கும். கடல்நீரும் நன்னீரும் பாறைக்கடியில் கலக்கும் குளங்களே அதன் வீடு. எரிமலைப் பாறையின் வெடிப்புகள் வழியே நிலத்தடிக்கும் குளத்துக்கும் போய்வரும். அவை திரளாக மேலே வரும் காலத்தில் நீர் சிவப்பாகத் தெரியும்.

வழிகாட்டி நூல்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கின்றன: தொன்மம் இப்படிச் சொல்கிறது, அறிவியல் அப்படிச் சொல்கிறது; எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். பயணிக்கு இரண்டுமே சுவையான தகவல்கள். கொஞ்சம் நின்று பார்த்தால், இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள் என்பது தெரியும். நீர் ஏன் சிவப்பு? தொன்மம் ரத்தம் என்கிறது, அறிவியல் இறால் என்கிறது. நீரின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கொலை நழுவிப் போகிறது. இறாலைச் சொன்னவுடன், 'அப்பாடா, ரத்தம் இல்லை' என்று மனம் ஆறுகிறது. நீர் சிவந்ததற்கு இறால் காரணமாக இருக்கலாம். ஓடி ஒளிந்த மனைவியைத் தேடிப் பிடித்துக் கொல்லும் ஆணைப் பற்றி இறாலால் எதையும் விளக்க முடியாது.

கதையின் நடுவில் இருக்கும் காஹிலிக்கு வருவோம். கதை சொல்கிறவர் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார். கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். விசுவாசமே காட்டிக்கொடுத்த சோகம். ஆனால் அதன் கணக்கைப் பாருங்கள்: கொலைக்கான காரணம் ஓசையில்லாமல் கொன்றவன் கையிலிருந்து தோழிப்பெண்ணின் கைக்கு மாறிவிடுகிறது. சில வடிவங்களில் அவளும் கொல்லப்படுகிறாள். அவளுக்குப் பெயர்கூடப் பெரும்பாலும் இல்லை. பெயரில்லாத, தானும் உயிரைப் பணயம் வைத்த ஒரு பெண்ணின் தலையில் 'கவனக்குறைவு' ஏறி உட்கார்ந்துவிட்டது.

இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானது. பதினோரு ஆண்டுகள் நான் ஒரு பெண்கள் உதவி மையத்தில் தொலைபேசி எடுத்தேன். கணவன் வீட்டிலிருந்து கிளம்பி வந்த பெண்கள் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்று ஒரு பட்டியலே போடலாம். பிள்ளையைப் புதிய பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் கேட்டதில் ஊர் தெரிந்துவிட்டது. தங்கை வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பின்னால் ஒரு கோபுரம் தெரிந்தது. பழைய சிலிண்டர் இணைப்பை மாற்றப் போனபோது பதிவான எண்ணிலிருந்து குறுஞ்செய்தி அவனுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் சுற்றியிருந்தவர்கள் சொன்னது ஒன்றுதான்: "அதைப் போய் ஏம்மா செஞ்சே?" பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது குற்றம். அடுப்பெரிக்க நினைத்தது குற்றம். வாழ்வதற்காகச் செய்யும் எந்தக் காரியமும் ஒளிந்திருப்பவளுக்குக் காஹிலியாகிவிடும்.

ஒளிந்திருப்பதன் கொடுமை அங்கேதான் இருக்கிறது. குகைக்குள் இருக்கும்வரை உயிர் தப்பலாம். ஆனால் அசையக் கூடாது, நிழல் விழக் கூடாது, தான் இன்னாள் என்று தெரியக் கூடாது. காஹிலி வெறும் இறகுக் கம்பம் இல்லை. அவள் யார் என்பதன் அடையாளம் அது. அதைக் கீழே வைத்திருக்கலாமே என்று சொல்கிறவர்கள், அவள் தன்னையே கீழே வைத்துவிட்டு உயிரோடு இருந்திருக்கலாமே என்கிறார்கள்.

*

இங்கே ஒரு வசதியான பதில் காத்திருக்கிறது. 'அதெல்லாம் அந்தக் காலம். தீவுத் தலைவர்களின் காட்டுமிராண்டித்தனம்.' வெளியூரிலிருந்து வந்து கதை கேட்பவருக்கு இப்படி நினைப்பது மிகவும் எளிது. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டார்கள் என்பது ஐக்கிய நாடுகள் அமைப்பின் மதிப்பீடு. நாளொன்றுக்கு 140 பேர். கிளம்பிப் போகும் முயற்சியும் அதை ஒட்டிய நாட்களும்தான் இந்தப் பெண்களுக்கு அதிக ஆபத்தானவை என்பதை உதவி மையங்களில் வேலை செய்யும் எவரும் சொல்வார்கள். போபோஅலாயா கொல்லப்பட்டதும் கிளம்பிப் போன பிறகுதான்.

வெளியூர்க்காரியான நான் இந்தக் கதையைத் தொடலாமா என்பது வேறு கேள்வி. ஹவாய்ப் பூர்வகுடி அறிஞரும் கவிஞருமான ஹௌனானி-கே ட்ராஸ்க், சுற்றுலாத் தொழில் தன் மக்களின் பண்பாட்டைப் பெண்ணுடலைப் போல் விலைக்கு வைக்கிறது என்று எழுதியவர். சுற்றுலாவுக்கு வர நினைப்பவர்களைத் தயவுசெய்து வர வேண்டாம் என்று நேரடியாகவே கேட்டுக்கொண்டவர். 2021இல் மறைந்தார். அவரைப் படித்துவிட்டும் நான் போனேன். 5 டாலர் கட்டணம் அந்த முரணைத் தீர்த்துவிடாது. எரிமலை, கறுப்பு மணல், கொலையுண்ட இளவரசி என்று மூன்றையும் ஒரே புகைப்படத்தில் அடக்கிக்கொண்டு திரும்பாமல் இருப்பதும், அந்த மண் இதே கேள்விக்குத் தானே கண்ட விடைகளைத் தேடிப் பார்ப்பதும்தான் என்னால் முடிந்தவை. அந்த மண்ணில் விடைகள் இருந்தன.

*

குகையிலிருந்து ஹானா ஊருக்குச் சில கிலோமீட்டர்தான். அங்கே கடலோரம் கௌயிக்கி என்றொரு குன்று நிற்கிறது. அதன் அடிவாரத்தில் ஒரு குகையில், 1768 வாக்கில், காஹுமானு பிறந்ததாகச் சொல்வார்கள். ஹவாய்த் தீவுகளை ஒரே அரசாக்கிய கமேஹமேஹாவின் மனைவியரில் ஒருத்தி. அவருக்குப் பின் ஆட்சியில் பங்கு வகித்த அரசி. இந்தப் பெண்ணும் ஒருமுறை கணவனிடமிருந்து ஓடி ஒளிந்தாள்.

அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் இடம் பெருந்தீவின் மேற்குக் கரையிலுள்ள ஹோனௌனௌ. மௌயியிலிருந்து சிறிய விமானத்தில் கடல் தாண்டி, மூன்று நாள் கழித்து அங்கேயும் போனோம். அதுவும் எரிமலைக் கல் கரைதான். கல்லை வெட்டாமல், சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் அடுக்கிக் கட்டிய பெருமதில் ஒன்று நிற்கிறது: ஏறக்குறைய 300 மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம், ஐந்து மீட்டர் அகலம். மதிலுக்கு உட்புறம் 'புஹோனுவா', அதாவது அடைக்கலத் தலம். 'கபு' என்னும் விலக்குகளை மீறியவர்களுக்கு மரண தண்டனை விதித்த காலம் அது. துரத்துகிறவர்கள் பிடிப்பதற்குள் இந்த எல்லைக்குள் வந்துவிட்டால் ஒருவரும் தொடக்கூடாது. போரில் தோற்றவர்கள் வரலாம். போரிடாதவர்கள், பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் வரலாம். பூசாரி சடங்கு செய்து விடுவித்த பின் பழையபடி வீடு திரும்பலாம்.

கமேஹமேஹாவோடு சண்டையிட்ட இளம் காஹுமானு கடலில் நீந்தி இங்கே வந்து ஒரு பெரிய பாறைக்கடியில் பதுங்கினாள் என்கிறது கதை. கூடவே வந்த அவளுடைய நாய் குரைத்தது. தேடி வந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கணவனும் மனைவியும் பிறகு சமாதானமானார்கள். அந்தப் பாறையை இன்றும் காட்டுகிறார்கள்.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடி வந்த மனைவி, ஒளிந்த இடம், அன்போடு கூட இருந்த ஒன்று காட்டிக்கொடுத்தது. அங்கே இறகு, இங்கே நாய். ஒருத்தி செத்தாள், ஒருத்தி பிழைத்தாள். பிழைத்தவள் என்ன செய்தாள் என்பது வரலாறு. 1819இல் கமேஹமேஹா இறந்தார். அதுவரை பெண்கள் ஆண்களோடு அமர்ந்து சாப்பிடக் கூடாது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழை வகைகள் அவர்களுக்கு விலக்கு. காஹுமானுவும் புதிய அரசரின் தாய் கேயோப்பூலானியும் முன்நிற்க, இளம் அரசர் லிஹோலிஹோ எல்லார் முன்னிலையிலும் பெண்களோடு அமர்ந்து உண்டார். அந்த ஒரு சாப்பாட்டோடு கபு முறை சரிந்தது.

போபோஅலாயா பிழைத்திருந்தால் என்ன செய்திருப்பாள்? கொலை நமக்குத் தெரியவிடாமல் மறைப்பது இதைத்தான். நீரின் நிறத்தில் நாம் தேடக்கூடாத விடை இது.

*

குகைக்கும் அடைக்கலத்துக்கும் என்ன வேறுபாடு? இரண்டுமே எரிமலைக் கல்தான். குகைவாயை நீரே மூடியிருக்கிறது. பாதுகாப்பு என்று பார்த்தால் குகைதான் வலுவானது. ஹோனௌனௌவின் பெருமதிலைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கமாக எவனும் வந்துவிடலாம். ஆனாலும் அங்கே வந்தவள் தப்பிப்பாள், இங்கே வந்தவள் சாவாள். ஏன்?

குகை தரும் பாதுகாப்பு, யாருக்கும் தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. ஒருவன் கண்டுவிட்டால் தீர்ந்தது. அடைக்கலமோ எல்லாருக்கும் தெரிந்த இடம். அவள் உள்ளே இருப்பது துரத்தி வந்தவனுக்கும் தெரியும். தெரிந்தும் அவன் நிற்க வேண்டும். அவனை நிறுத்துவது கல் இல்லை. ஊர் முழுவதும் சேர்ந்து கொடுத்த வாக்கு. குகையில் எச்சரிக்கை அவளுடைய வேலை. அடைக்கலத்தில் கட்டுப்பாடு அவனுடைய வேலை. ஒரு சமூகம் தன் பெண்களுக்கு எதைக் கட்டித் தந்திருக்கிறது என்று பார்த்தால், அது யார் மேல் பொறுப்பைச் சுமத்துகிறது என்பது தெரிந்துவிடும். பெப்பர் ஸ்பிரே வாங்கிக்கொள், இருப்பிடத்தைப் பகிராதே, இருட்டுவதற்குள் வந்துவிடு என்று நாம் நம் பெண்களுக்குச் சொல்வதெல்லாம் குகை கட்டும் வேலைதான்.

அடைக்கலத்தைப் போற்றிவிட்டு நின்றுவிடவும் முடியவில்லை. காஹுமானு அடைக்கலத் தலத்துக்குள் வந்த பிறகும் ஏன் பாறைக்கடியில் பதுங்கினாள்? துரத்தி வந்தவன் அரசன். விதி எல்லாரையும் நிறுத்தும். விதியை வைத்திருப்பவனை நிறுத்துமா? கணவன் காவல்துறையில் இருக்கிறான், கட்சியில் இருக்கிறான் என்று சொல்லி விடுதிக்கு வந்த பெண்கள் ஜன்னல் பக்கம்கூட வராததை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. வேட்டை நடக்கிற ஊருக்குத்தான் அடைக்கலம் தேவைப்படும். விலக்கை மீறினால் மரணம் என்ற அதே ஏற்பாடுதான், இந்த மதிலுக்குள் வந்தால் மன்னிப்பு என்றும் சொன்னது. கபு சரிந்தபோது அடைக்கலமும் வழக்கொழிந்தது. காப்பகம் வேண்டும்; இன்னும் நிறைய வேண்டும். ஆனால் வீட்டை விட்டு, வேலையை விட்டு, பிள்ளையின் பள்ளியை விட்டு ஓடி வர வேண்டியது எப்போதும் அவளாகவே இருப்பது ஏன்?

*

இதற்கும் அந்த மண்ணில் ஒரு பதில் உண்டு. கமேஹமேஹா இளம் வீரனாக இருந்த காலத்தில், பெருந்தீவின் பூனா கரையில் ஒரு சூறையாடலுக்குப் போனார். அவரைக் கண்டு ஓடிய மீனவர்களைத் துரத்தினார். துரத்தும்போது அவருடைய கால் எரிமலைப் பாறையின் வெடிப்பில் சிக்கிக்கொண்டது. தப்பியோடுகிறவர்களைக் காக்க மீனவர் ஒருவர் திரும்பி வந்து துடுப்பால் அவர் தலையில் ஓங்கி அடித்தார். துடுப்பு உடைந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அடித்தவரை அரசர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தண்டனையை எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எளிய மக்களைத் தாக்கப் போன தவறு தன்னுடையது என்று சொல்லி அரசர் அவரை விடுவித்தார்.

அதிலிருந்து பிறந்ததுதான் 1797ஆம் ஆண்டின் 'உடைந்த துடுப்புச் சட்டம்'. முதியவர்களும் பெண்களும் குழந்தைகளும் பாதையோரத்தில் படுத்துறங்கினாலும் அவர்களுக்குத் தீங்கு நேரக் கூடாது என்பது அதன் சாரம். 1978இல் ஹவாய் மாநில அரசமைப்பிலும் அதற்கு இடம் கிடைத்தது.

எனக்கு இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, சட்டம் பேசுவது பாதையைப் பற்றி. குகையைப் பற்றியோ மதிலைப் பற்றியோ இல்லை. எல்லாரும் போகும் வரும் திறந்தவெளியில், காவலில்லாமல், தூக்கத்தில், முழுக்க எச்சரிக்கை இழந்து ஒரு பெண் படுத்திருக்கிறாள். அந்த நிலையிலும் அவளுக்கு எதுவும் நேராது என்றால்தான் நாட்டில் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். இரண்டு, இந்தச் சட்டம் பிறந்த விதம். ஓடியவர்கள் ஏன் அவ்வளவு மெதுவாக ஓடினார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. துரத்தியவன் தன் துரத்தலைத் திரும்பிப் பார்த்தான். காகேயாவின் கதை முடிந்த இடத்தில் இந்தக் கதை தொடங்குகிறது.

கமேஹமேஹாவை அறத்தின் உருவமாக்க நான் முயலவில்லை. காஹுமானுவைத் தேடி ஆளனுப்பியவரும் அவர்தான். பெண்களை விலக்கி வைத்த கபு அவர் காலம் முழுக்க நீடித்தது. மீனவரிடம் கண்ட நியாயம் மனைவியிடம் வரும்போது எங்கே போனது என்று கேட்கலாம், கேட்க வேண்டும். பாதையில் பெண்ணுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுவது எல்லா நாட்டுக்கும் பொதுவான கதை. நம் நாட்டில் அந்த வாசலைத் தாண்டிய ஒரு வரி 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் இருக்கிறது. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. தேவைப்பட்டால் வன்முறை செய்தவரை அந்த வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லி நடுவர் உத்தரவிடலாம். இந்த உத்தரவைக் கேட்டுப் பெறலாம் என்று நான் சொன்னபோது, தொலைபேசியின் மறுமுனையில் இருந்த பெண்களில் பலர் முதலில் நம்பவில்லை. "நான் போகாம, அவர் போகணுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

*

வையானபனபாவில் குகைக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய பாதை ஓடுகிறது. பயணிகளில் பலர் கறுப்பு மணலையும் குகையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பீய்லானி வழித் தலைவர்களின் காலத்தில் மௌயியைச் சுற்றி அமைத்த நடைபாதையின் மிச்சம் அது. கடலோரப் பாறைகளின் மேலே, தாழைக் காட்டின் ஓரமாக ஹானாவை நோக்கிப் போகிறது. ஆம், நம் கடலோரத் தாழைக்கு நெருங்கிய உறவுதான். ஹவாய்க்காரர்கள் அதை 'ஹலா' என்பார்கள். அதன் ஓலையில் பாய் முடைவார்கள். நாங்கள் மூவரும் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தோம். வலப்பக்கம் தாழை, இடப்பக்கம் பாறையிடுக்கில் புகுந்து பீச்சியடிக்கும் கடல்.

அங்கே தரை முழுவதும் உடைந்த எரிமலைக் கல். ஒவ்வொரு கல்லும் அரிவாள்மணை. செருப்பில்லாமல் ஓரடி வைக்க முடியாது. ஆனால் பாதையின் சில இடங்களில் வழவழப்பான தட்டைக் கற்கள் ஓரடிக்கு ஒன்றாகப் பதிந்திருக்கின்றன. கடல் தேய்த்த கற்கள். அவை தாமாக அங்கே வரவில்லை. கரையிலிருந்து யாரோ தூக்கி வந்து, வெறுங்காலோடு பின்னால் வரப்போகிறவர்களுக்காகப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண் முன்னால் நடந்தாள். தட்டைக் கல் வரும்போதெல்லாம் சும்மா அதன்மேல் ஏறி நின்று, எங்களுக்காகத் திரும்பிப் பார்த்தாள். குகைக்கும் மதிலுக்கும் பாதைக்கும் கல் ஒன்றுதான். எந்தக் கல்லை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் மனிதர்களின் கையில் இருந்தது.